கார் அப்புறம், முதல்ல தரையைப் பாரு

பாப்பா, நீ அனுப்பின மூணு ரிமோட் கார் படத்தையும் பார்த்தேன். மூணு பெட்டி மேலயும் பெரிய எழுத்துல இருக்கிறது ஒரே விஷயம்தான், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகம்னு. உன் ஹால் நீளம் 14 அடி. மணிக்கு 30 கிலோமீட்டர்ல போற வண்டி அதை அரை செகண்டுல கடந்துடும். அதுக்கப்புறம் நீ டிவி ஸ்டாண்டுக்கு அடியில கையை விட்டுத் துழாவிட்டு இருப்பே. வீட்டுக்குள்ள டிரிஃப்ட், அதாவது வாலை வெளியே வழுக்கவிட்டு வளைவுல ஓட்டணும்னா, நீ நடக்கிற வேகத்துல வண்டி போனாலே தாராளம். 1/28 அளவு வண்டி, அதாவது நிஜக் கார்ல 28-ல ஒரு பங்கு, மணிக்கு 5 கிலோமீட்டர்ல போனா, 28-ஆல பெருக்கிப் பாரு, கண்ணுக்கு அது 140-ல பறக்கிற மாதிரித் தெரியும். அவ்வளவு மெதுவா, திக்காம, சீரா போற வண்டியைத் தேடணும். அந்தக் குணத்தைப் பெட்டி மேல யாரும் போட மாட்டாங்க.

உனக்கு இந்த ஆசை எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து ‘இனிஷியல் டி’ பார்த்தவதானே நீ. 1995-ல ஜப்பான்ல மாங்காவா, அதாவது காமிக்ஸா, வர ஆரம்பிச்ச கதை அது. தோஃபு டெலிவரி பண்ற பையன், பழைய டொயோட்டா ஏஇ86, மலைப்பாதை வளைவு. அந்த நிஜ வண்டிக்கு ரப்பர் டயர். அது ரோட்டைப் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கும். வேகம், எடை, பிரேக், ஆக்ஸிலேட்டர் எல்லாத்தையும் சேர்த்து விளையாடித்தான் டிரைவர் அந்தப் பிடியை உடைக்கணும். நம்ம குட்டி வண்டிக்கு அவ்வளவு பலம் கிடையாது. அதனால டயரையே வழுக்குற மாதிரி செஞ்சுட்டாங்க. ரப்பருக்குப் பதிலா கெட்டி பிளாஸ்டிக் வளையம். மோட்டார், பாடி, லைட் எல்லாம் அதுக்கப்புறம்தான். அந்தப் பிளாஸ்டிக் வளையமும் உன் வீட்டுத் தரையும் ஒத்துப்போச்சுன்னா மலிவான வண்டியும் அழகா ஓடும். ஒத்துப்போகலைன்னா எவ்வளவு காசு கொட்டினாலும் மூக்கு திரும்பும், வால் வராது.

தரை

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணு. தண்ணி பாட்டில் மூடியைக் கவிழ்த்து வெச்சு, விரலால சுண்டி விடு. சத்தம் இல்லாம நேரா வழுக்கிட்டுப் போனா நல்ல தரை. டைல்ஸ் இணைப்பு ஒவ்வொண்ணுலயும் டக்கு டக்குன்னு குதிச்சா, அந்த இணைப்பு குட்டி வண்டிக்கும் ஒரு ஸ்பீடு பிரேக்கர்தான். சிமென்ட் போட்டு நிரப்பின அகலமான பள்ளம் இருக்கிற பழைய செராமிக் டைல்ஸ்ல 1/76 மாதிரி துளியூண்டு வண்டியை ஓட்டவே முடியாது, சக்கரம் பள்ளத்துல மாட்டி வண்டி தானா திரும்பிக்கும். ஓரம் சீவி நெருக்கிப் போட்ட பெரிய விட்ரிஃபைடு டைல்ஸ்னா 1/28-க்குப் பிரச்சினையே இல்ல.

நம்ம ஊர் வீடுகள்ல இருக்கிற தரைகள்ல எனக்குப் பிடிச்சது பழைய மொசைக்தான். இணைப்பு கண்ணுக்கே தெரியாது, பாலிஷ் போட்டுப் போட்டு ஒரே சீரா இருக்கும். நம்ம பாட்டி வீட்டு சிவப்புக் காவித் தரையும் அப்படித்தான், ஆனா அது இப்போ எத்தனை வீட்டுல இருக்கு? கிரானைட் சில இடத்துல வழுக்கல் ஜாஸ்தியாப் போயிடும். ரிமோட்டோட டிரிகரைக் கொஞ்சம் அழுத்தினாலே பின்னாடி சுத்திக்கிட்டு வண்டி நின்ன இடத்துலயே பம்பரம் விடும். அப்படி ஆனா வண்டியை மாத்தாதே, கொஞ்சம் மென்மையான டயரா மாத்து. 1/28-க்கு வெவ்வேறு கெட்டித்தன்மையில டயர் தனியா விக்கறாங்க.

மரம் மாதிரித் தெரியற லேமினேட் தரைன்னா ஜாக்கிரதை. பிளாஸ்டிக் டயர் கீறாது, டயர்ல ஒட்டியிருக்கிற மணல் துகள் கீறும். வாடகை வீடு, அட்வான்ஸ் ஓனர்கிட்ட இருக்கு, மறந்துடாதே. ஜமக்காளம், தென்னைநார் மிதியடி, பாய் எல்லாத்தையும் சுருட்டி ஓரமா வெச்சுடு. நூல் இழை போதும், ஆக்சிலைச் சுத்திக்கும்.

வழுக்கல் பத்தலைன்னு கேரம்போர்டு பவுடரைத் தரையில தூவலாம்னு உனக்குத் தோணும். நிச்சயமாத் தோணும், உன்னை எனக்குத் தெரியும். வேண்டாம். பவுடர் மோட்டாருக்குள்ள போகும், பேரிங்குக்குள்ள போகும். அப்புறம் அம்மா வந்து அதுல கால் வைப்பாங்க.

எவ்வளவு பெரிசு

கணக்கு சுலபம். நிஜக் கார் ஒண்ணு நாலரை மீட்டர் நீளம்னு வெச்சுக்கோ. 1/10 அளவுல அது 45 சென்டிமீட்டர். 1/28-ல 16 சென்டிமீட்டர். 1/43-ல பத்தரை. 1/76-ல 6 சென்டிமீட்டர் கூட இல்ல.

யூடியூப்ல புகை விட்டுக்கிட்டு வரிசையா நாலு வண்டி ஒட்டி ஒட்டிப் போகுதே, அதெல்லாம் பெரும்பாலும் 1/10. டிரிஃப்ட் பந்தயத்துக்கு உலகம் முழுக்க வழக்கத்துல இருக்கிற அளவு அதுதான். ஒன்றரைக் கிலோ பக்கம் எடை. அது உன் ஹாலுக்குள்ள வந்தா சோபாவுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு வளைவு போடவே இடம் பத்தாது. சுவத்துல இடிச்சா சத்தம் தெருவுக்குக் கேக்கும், கால் கட்டைவிரல்ல இடிச்சா அன்னிக்கு ஆபீஸ் கிடையாது. மொட்டை மாடி வெச்சிருக்கிறவங்க அதைப் பத்தி யோசிக்கட்டும், நமக்கு வேண்டாம்.

1/76 வேற ஒரு சுகம். டர்போ ரேசிங் கம்பெனியோட சி64 அந்த அளவுல வர்ற டிரிஃப்ட் வண்டி, கைரோ உள்ளேயே இருக்கு (அது என்னன்னு கீழே சொல்றேன்). டைனிங் டேபிள் மேல ஓட்டலாம். ஆபீஸ் மேஜையில கூட ஓட்டலாம், மேனேஜர் லீவுன்னா. ஆனா அதுல உன்னால ஒண்ணும் மாத்த முடியாது. டயர், பாடி தவிர கழட்டி, பூட்டி, கத்துக்க எதுவும் இல்ல. தூசி ஒண்ணு உள்ள போனா கண்ணுல லென்ஸ் மாட்டின வாட்ச் ரிப்பேர்காரர் யாராவதுதான் எடுக்கணும். சின்னக் குழந்தைங்க வீட்டுக்கு வரும்போது அதை மேல் தட்டுல வெச்சுடு, அந்த வயசுக்கு எதையும் வாயில போட்டுத்தான் பார்ப்பாங்க.

1/43-ல ஜெர்மனியில ஷ்டுர்ம்கிண்ட் கம்பெனி டிரிஃப்ட் ரேசர்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. போன்ல ஆப் வெச்சு ஓட்டறது. நிஜ வண்டியோட ஓட்டத்தை சாஃப்ட்வேர் கணக்குப் போட்டு, அடியில இருக்கிற குட்டிச் சக்கரங்கள் அந்தக் கணக்குப்படி வண்டியை நகர்த்தும். பார்க்க அவ்வளவு அழகா இருக்கும். எனக்கு மட்டும் மனசு ஒட்டலை. டயர் வழுக்குறதை விரல்ல உணரணும்னுதானே இதுக்குள்ள வர்றோம்? கண்ணாடி ஸ்கிரீன்ல கட்டைவிரலைத் தேய்க்கிறதுல அது கிடைக்காது. உனக்குப் பிடிக்கலாம், நீ போன் தலைமுறை.

சுத்தி வளைக்காம சொல்றேன், உன் ஹாலுக்கு 1/28. கட்டிலையும் நாற்காலியையும் ஒதுக்கிட்டு ரெண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இடம் கிடைச்சாலே ஒரு எட்டு போடலாம். கையில அடங்குது, ஆனா ஸ்க்ரூடிரைவர் வெச்சுத் திறந்து பார்க்கிற அளவுக்குப் பெரிசு. இந்த அளவை உலகத்துக்குப் பழக்கினது ஜப்பான்ல கியோஷோ கம்பெனியோட மினி-இசட். 1999-ல வந்துச்சு. இன்னிக்கு இந்த அளவுல மத்த கம்பெனிக்காரங்க செய்யற பாடி, சக்கரம் பலதும் மினி-இசட் அளவை ஒட்டித்தான் வருது. அதனால பார்ட்ஸ் தேடறது சுலபம்.

நாலு சக்கரமா, பின் சக்கரமா

இங்கதான் எல்லாரும் குழம்பறாங்க. கொஞ்சம் நின்னு படி.

நாலு சக்கரத்துக்கும் மோட்டார் பலம் போற வண்டின்னா, வால் வெளியே வந்தாலும் முன் சக்கரம் தான் பார்க்கிற பக்கமா வண்டியை இழுத்துக்கிட்டே போகும். நீ ஸ்டியரிங்கை எங்க வைக்கிறியோ அங்க போகும். கைரோ இல்லாமலே ஓட்டலாம். முதல் சார்ஜ் தீர்றதுக்குள்ள சந்தோஷமா வட்டம் போட ஆரம்பிச்சுடுவே. குறைன்னா, நிஜ டிரிஃப்ட்ல மாதிரி முன் சக்கரம் எதிர்ப்பக்கம் நல்லா மடங்கி நிக்கிற அந்தக் கோணம் அவ்வளவா வராது. பார்க்கிறவங்க கண்டுபிடிச்சுடுவாங்க.

பின் சக்கரத்துக்கு மட்டும் பலம் போற வண்டி பார்க்க நிஜம் மாதிரியே இருக்கும். ஆனா துடைப்பத்தைத் தலைகீழா உள்ளங்கையில நிறுத்தற வேலை அது. கை ஓயாம திருத்திக்கிட்டே இருக்கணும். இவ்வளவு சின்ன வண்டியில அந்தத் திருத்தம் மனுஷக் கையால முடியற வேகத்துல நடக்காது. அதுக்குத்தான் கைரோ. வண்டி எந்தப் பக்கம், எவ்வளவு வேகமா சுழலுதுன்னு அது அளந்து, முன் சக்கரத்தை உடனே எதிர்ப்பக்கம் ஒடிக்கும். பின்சக்கர வண்டி வாங்கினா கைரோ கட்டாயம், பேரம் கிடையாது. வண்டி விளம்பரத்துல கைரோன்னு ஒரு வார்த்தையும் இல்லைன்னா அடுத்த பக்கத்துக்குப் போயிடு.

கைரோ சரியா வேலை செய்யுதான்னு பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஸ்விட்சைப் போட்டுட்டு ரெண்டு மூணு செகண்டு வண்டியை ஆட்டாம தரையில வை. அந்த நேரத்துலதான் அது தன்னோட நடுநிலையைக் கண்டுபிடிச்சுக்கும். அப்புறம் கையில தூக்கி, மூக்கைச் சட்டுனு இடது பக்கம் திருப்பு. முன் சக்கரம் ரெண்டும் வலது பக்கம் ஒடியணும், அதாவது முதல்ல பார்த்த திசையையே பார்க்க முயற்சி பண்ணணும். அதுவும் இடது பக்கமே ஒடிஞ்சா கைரோ தலைகீழா இருக்குன்னு அர்த்தம். அதை மாத்த ஒரு ஸ்விட்சோ செட்டிங்கோ இருக்கும். மாத்தாம ஓட்டினா வண்டி தொட்டவுடனே சுத்தும், நீ உன் கையைத் திட்டிட்டு இருப்பே. கைரோவோட அளவு, அதை கெய்ன்னு சொல்வாங்க, அது கூடினா முன் சக்கரம் நேரா போகும்போதே நடுங்கும். குறைஞ்சா வால் போறதைத் தடுக்காது. நடுங்கற வரைக்கும் ஏத்திட்டு, நடுக்கம் நிக்கிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா இறக்கு. அவ்வளவுதான் ட்யூனிங்.

பேர் சொல்லணும்னா, நாலு சக்கரத்துல மலிவா உள்ளே நுழையறதுக்கு டபிள்யூஎல் டாய்ஸ் கே969. 1/28, கெட்டி டயரோட வர்ற டிரிஃப்ட் வண்டி, 7.4 வோல்ட் பேட்டரி. கே989-னு அதே குடும்பத்துல ராலி வண்டி இருக்கு, ரப்பர் டயர், படம் பார்த்தா ஒரே மாதிரி இருக்கும், மாத்தி ஆர்டர் பண்ணிடாதே. இந்த மாதிரி வண்டிகள்ல ரிசீவர், மோட்டார் கன்ட்ரோலர் எல்லாம் ஒரே சர்க்யூட் போர்டுல இருக்கும். பின்னாடி கைரோ சேர்க்கலாம்னு நினைச்சா சுலபத்துல நடக்காது, போர்டு போச்சுன்னா எல்லாம் போச்சு. காசு கொஞ்சம் கூடப் போடலாம்னா மினி-இசட்டோட நாலுசக்கர சேஸிஸ் எம்ஏ-020, டிரிஃப்ட் டயரும் ரிமோட்டுமா தயாரா வர்ற ரெடிசெட்டா பார்த்து வாங்கு. மினி-இசட்னாலே டிரிஃப்ட்னு நினைச்சுக்காதே. எம்ஆர்-03, எம்ஆர்-04 எல்லாம் பின்சக்கர வண்டிதான், ஆனா ரப்பர் டயர்ல பிடிச்சு ஓடற பந்தயத்துக்குச் செஞ்சது. முன் சக்கரம் டிரிஃப்ட்டுக்கு வேண்டிய அளவு மடங்காது.

பின்சக்கரத்துக்குன்னே பிறந்த 1/28 வண்டின்னா ஹாங்காங் கம்பெனி ஆட்டமிக்கோட டிஆர்இசட். அதுல முன் சக்கரம் மடங்கறதைப் பார்த்தா உடைஞ்சுதான் போச்சோன்னு பயந்துடுவே. இந்த ரகத்துல கிட்டா வாங்கும்போது விலையைப் பார்த்து ஏமாறாதே. கிட்டுன்னா பெரும்பாலும் வெறும் எலும்புக்கூடு. மோட்டார், ஸ்டியரிங்கைத் திருப்பற சர்வோ, மோட்டார் கன்ட்ரோலர், கைரோ, ரிசீவர், ரிமோட், பேட்டரி, சார்ஜர், பாடின்னு ஒவ்வொண்ணும் தனித்தனி பில். பேப்பர்ல எழுதிக் கூட்டிப் பார்த்துட்டு அப்புறம் ஆசைப்படு. முதல் வண்டியா நான் இதைச் சொல்ல மாட்டேன். நாலுசக்கரத்துல கை பழகி, ரெண்டு மாசம் கழிச்சும் சாயங்காலம் வண்டியை எடுக்கத் தோணுச்சுன்னா அப்போ பார்க்கலாம்.

ரிமோட்டைத்தான் நிஜமா வாங்கறே

கடையில போய் நீ முதல்ல பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ரிமோட்ல இருக்கிற சக்கரத்தைக் கொஞ்சமாத் திருப்பு. வண்டியோட முன் சக்கரமும் கொஞ்சமாத் திரும்புதா? இல்ல, ஒரேயடியா முழுசா ஒடியுதா? டிரிகரையும் அதே மாதிரி, பாதி அழுத்தினா பாதி வேகமா? முழுசு இல்லைன்னா சும்மான்னு இருக்கிற பொம்மையில டிரிஃப்ட் பண்ணவே முடியாது, யார் என்ன சொன்னாலும் சரி. நீ அனுப்பின மூணுல ரெண்டு அந்த ஜாதி. ரிமோட் படத்துல ரெண்டு பட்டன் மட்டும் இருக்கு பாரு, அதுதான் அடையாளம்.

‘டிரிஃப்ட்’னு ஸ்டிக்கர் ஒட்டி விக்கிற பொம்மைகள் நிறைய. சிலதுல வாலை வழுக்கவிட அடியில ஒரு குட்டி சுழல் சக்கரம் இருக்கும். சிலது பின்னாடியிலிருந்து தண்ணிப் புகை விடும், லைட் எரியும், பாட்டுப் பாடும். தண்ணிப் புகை விட்ட தரையில பிளாஸ்டிக் டயர் எப்படி ஓடும்னு நீயே யோசி. கையை ஆட்டினா ஓடற ‘ஸ்டண்ட்’ வண்டி ரகமும் வேற. குழந்தைக்குப் பரிசு கொடுக்கன்னா தாராளமா வாங்கு.

ரிமோட்ல இன்னும் ரெண்டு விஷயம் இருக்கணும். ஒண்ணு ட்ரிம், கையை விட்டா வண்டி நேரா போக வைக்கிற திருகு. இன்னொண்ணு வேகத்துக்கு மேல் வரம்பு வைக்கிற வசதி. அந்த ரெண்டாவது இருந்தாத்தான் முதல் நாள் வண்டியைப் பாதி வேகத்துல கட்டிப் போட முடியும். 2.4 கிகாஹெர்ட்ஸா இருக்கட்டும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் பொம்மை ரிமோட்னா ரெண்டு பேர் சேர்ந்து ஓட்டும்போது ஒருத்தர் ரிமோட்டுக்கு இன்னொருத்தர் வண்டி ஓடும்.

பேட்டரி

எம்ஏ-020 மாதிரி மினி-இசட் வண்டிகளுக்கு டிரிபிள்-ஏ பேட்டரி நாலு. கடையில கிடைக்கிற சாதா பேட்டரி போட்டா மாசச் செலவு எகிறும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரி ரெண்டு செட், ஒரு நல்ல சார்ஜர். அதுல 1.2 வோல்ட்னு போட்டிருக்கும், 1.5 இல்லையேன்னு திருப்பிக் கொடுத்துடாதே, அதுதான் சரி. வேகம் ஒரு துளி குறையும், வீட்டுக்குள்ள அது நல்லதுதான். சென்னைக்குப் போறவங்க யாராவது இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கி வரச் சொல்லு, ஆனா பேர் தெரியாத கம்பெனி பேட்டரியில எழுதியிருக்கிற மில்லி ஆம்பியர்-அவர் கணக்கை நம்ப வேண்டாம்னும் சொல்லிவிடு.

கே969 மாதிரி வண்டியில லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி. இதுல மட்டும் அக்கா பேச்சைத் தட்டாதே. ஒரு செல் முழுசா ஏறினா 4.2 வோல்ட், அதுக்கு மேல ஏத்தக் கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கவும் கூடாது. வண்டி மந்தமாச்சுன்னா இன்னும் ஒரு ரவுண்டுன்னு ஆசைப்படாம நிறுத்திடு. சூடா இருக்கிற பேட்டரியை உடனே சார்ஜ்ல போடாதே, ஆறட்டும். மெத்தை மேல, சோபா மேல வெச்சு சார்ஜ் பண்ணாதே. தரையில டைல்ஸ் மேல வை, நீ முழிச்சிருக்கும்போது மட்டும். சார்ஜ்ல போட்டுட்டு கடைக்குப் போகாதே. ரெண்டு வாரம் ஓட்டப் போறதில்லைன்னா முழுசாவும் ஏத்தாம, காலியாவும் விடாம, செல்லுக்கு 3.8 வோல்ட் பக்கமா வெச்சிரு. சித்திரை வெயில்ல ஸ்கூட்டி டிக்கியில பேட்டரியை விட்டுட்டுப் போற வேலை வேண்டவே வேண்டாம். உப்பிப் போச்சுன்னா அழுத்திப் பார்க்கிறது, ஊசியால குத்திக் காத்தை எடுக்கிறது எல்லாம் நெருப்போட விளையாடறது. குப்பைத் தொட்டியிலயும் போடாதே, மின்கழிவு வாங்கற இடத்துல கொடு.

எங்க வாங்கறது

வெளிநாட்டுத் தளத்துல விலை கம்மியாத் தெரியும், கை துறுதுறுக்கும். ஆனா பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்ல 20 சதவீதத்துலருந்து 60 ஆச்சு, 2023-ல 70 ஆச்சு. 14 வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கான பொம்மைன்னா 2021 ஜனவரி 1-லருந்து பிஐஎஸ் தர முத்திரையும் வேணும். வண்டி பொம்மையா, ஹாபிப் பொருளான்னு கஸ்டம்ஸ்ல எப்படி எடுத்துக்கறாங்களோ அது உன் கையில இல்ல. லித்தியம் பேட்டரி உள்ளே இருந்தா விமானத்துல அனுப்பக் கட்டுப்பாடு வேற. பார்சல் மாட்டிக்கிட்டு பேப்பர் கேட்டு போன் வந்தா உனக்குத் தலைவலி. அதனால முதல் வண்டியை உள்ளூர்ல ஸ்டாக் வெச்சிருக்கிற ஹாபி கடையில வாங்கு. விலை கூடத்தான். ஆனா ஒரு கேள்வி கேட்டுட்டு வாங்கு: “இதோட ஸ்டியரிங் நக்கிள், பின் ஆக்சில், கியர், டயர் தனியாக் கிடைக்குமா?” கடைக்காரர் முழிச்சா அடுத்த கடை. உடையறது எப்பவும் அந்த நக்கிள், முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற குட்டிப் பிளாஸ்டிக்தான். வண்டியோட சேர்த்தே அது ஒரு செட்டும் டயர் ஒரு செட்டும் வாங்கி வெச்சுடு.

தெரிஞ்சவங்க யாருகிட்டயாவது ரப்பர் டயர் போட்ட நல்ல 1/28 வண்டி இருந்தா, புதுசு வாங்கறதுக்கு முன்னாடி அதை இரவல் வாங்கி டயர் மேல இன்சுலேஷன் டேப்பை ஒரு சுத்து சுத்தி ஓட்டிப் பாரு. கொஞ்ச நேரத்துல டேப் பிரிஞ்சுடும், ஆனா உன் தரையில வால் வருதா வரலையான்னு காசு செலவில்லாமத் தெரிஞ்சுடும்.

பாடி விஷயத்துல ஒரு வார்த்தை. மினி-இசட் பாடிகள் கெட்டி பிளாஸ்டிக்ல, பெயின்ட் எல்லாம் போட்டு, ஷோகேஸ்ல வெக்கிற மாதிரி இருக்கும். முதல்ல உடையறது சைடு மிரர். ஓட்டறதுக்கு முன்னாடியே கழட்டி ஒரு டப்பாவுல போட்டுடு. மெல்லிசா வர்ற லெக்ஸான் பாடி அவ்வளவு அழகில்ல, ஆனா எடை கம்மி, அடி தாங்கும். பழகற வரைக்கும் அது போதும்.

முடி

எந்த விளம்பரத்துலயும் முடியைப் பத்தி ஒரு வரி கிடையாது. நம்ம ரெண்டு பேருக்கும் இடுப்பு வரைக்கும் முடி. கொட்டற முடியெல்லாம் தரையிலதான். குட்டி வண்டியோட ஆக்சில் அதையெல்லாம் சுருட்டிச் சுருட்டி உள்ளே இழுத்துக்கும், பேரிங்குக்குப் பக்கத்துல இறுகி உட்கார்ந்துக்கும். வண்டி ஒரு பக்கமா இழுத்தாலோ, மோட்டார் காரணமில்லாமச் சூடானாலோ முதல்ல சக்கரத்தைக் கழட்டிப் பாரு. டெய்லர் கடையில தையல் பிரிக்க வெச்சிருப்பாங்களே, அந்தக் குட்டிக் கருவி ஒண்ணு வாங்கிக்கோ. முடியை வெட்டி எடுக்க அதைவிட நல்லது கிடையாது. பிளேடு வேண்டாம், ஆக்சிலையும் கீறும், விரலையும் கீறும்.

ஓட்டறதுக்கு முன்னாடி பெருக்கு, ஆனா புதுப் பூந்துடைப்பத்தால பெருக்காதே. அதுலருந்து கொட்டற பொடி முடியைவிட மோசம். பெருக்கிட்டு ஈர மாப் போட்டு, நல்லாக் காய விடு. ஃபேனைப் போட்டா பத்து நிமிஷம். தரை துடைக்கிற லிக்விடைக் கொஞ்சமா ஊத்து, ஜாஸ்தியானா பிசுபிசுன்னு ஒரு படலம் நிக்கும், வண்டி அன்னிக்கு வழுக்காது. சமையல்கட்டுப் பக்கம் போகவே போகாதே. எண்ணெய்த் துளி ஒண்ணு டயர்ல பட்டா ஹால் முழுக்க இழுத்துட்டு வரும். ஓட்டி முடிச்சதும் டயரை ஈரத்துணியால ஒரு துடை.

கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் அடி இடைவெளிகளை அடைச்சுட்டு ஆரம்பி. ஒயரிங்குக்குப் போடற பிவிசி பைப்பை வெட்டி வரிசையா வெச்சா ஓரமும் ஆச்சு, டிராக்கும் ஆச்சு.

முதல் வாரம்

நடுவுல ஒரு டம்ளர் வை. அதைச் சுத்தி ஒரே பக்கமா வட்டம். டிரிகரை முழுசா அழுத்திட்டு விடறது இல்ல, பாதியில பிடிச்சுக்கிட்டு விரல் நுனியில ஏத்தி இறக்கணும். வட்டம் பெரிசானா விரல் கூடிப்போச்சு, வண்டி பிடிச்சு நேரா போச்சுன்னா விரல் குறைஞ்சு போச்சு. வட்டம் ஒரே அளவுல நிக்கற வரைக்கும் வேற எதையும் செய்யாதே. அது வந்ததும் எதிர்ப் பக்கம். ஒரு பக்கம் சுலபமா வரும், இன்னொரு பக்கம் வரவே வராது. எல்லாருக்கும் அப்படித்தான், வராத பக்கத்துக்கே பேட்டரியைச் செலவு பண்ணு. ரெண்டும் வந்தப்புறம் ரெண்டு டம்ளர், எட்டு.

எட்டுல வட்டம் மாறற இடம்தான் கஷ்டம். அங்க டிரிகரை ஒரு கணம் லேசாக்கணும், வால் தானா அடுத்த பக்கம் போகும், போக ஆரம்பிச்சதும் மறுபடி பிடிக்கணும். வண்டி உன்னைப் பார்த்து வரும்போது இடது வலது குழம்பும். அதுக்கு ஒரு வழி, ஹால் நடுவுல நிக்காம ஒரு மூலையில ஸ்டூல் போட்டு நில்லு, மேலேருந்து முழுத் தரையும் தெரியும். நின்ன இடத்தை மட்டும் மாத்தாதே.

சத்தம் வரும், அதையும் சொல்லிடறேன். கெட்டி பிளாஸ்டிக் டைல்ஸ் மேல ஓடினா கரகரன்னு கேக்கும், இணைப்புல டக்கு டக்கு. நீ இருக்கிறது ரெண்டாவது மாடி, கீழ் வீட்டுல கைக்குழந்தை இருக்குன்னு நீயேதான் சொன்னே. ராத்திரி 9 மணிக்கு மேல ஓட்டணும்னா ஒண்ணோட ஒண்ணு கோக்கற ஃபோம் பாய் ஒரு செட் வாங்கி விரிச்சுக்கோ. மேல்பக்கம் வழவழன்னு இருக்கிறதாப் பார்த்து வாங்கு, சொரசொரப்பா இருந்தா வால் வராது. அதுவும் இல்லைன்னா சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் ஓட்டிட்டு, 8 மணிக்குள்ள பேட்டரியைக் கழட்டி வெச்சிரு.